பிரான்சில் குடியேறும் ஆங்கிலேயர்கள் எதற்கெல்லாம் திண்டாடுகிறார்கள்?

உங்கள் கேள்வி இது: லண்டனில் உங்கள் அடுத்த வீட்டில் இருபது வருடம் இருந்த ஆங்கிலேயத் தம்பதி ஓய்வு பெற்றுவிட்டார்கள். பிரான்சின் தோர்தோன் பகுதியில் ஒரு பழைய கல்வீடு வாங்கியிருக்கிறார்கள், இன்னும் ஆறு மாதத்தில் குடிபோகிறார்கள். முன்னாடியே அங்கே போன அவர்களுடைய நண்பர்கள் ஓயாமல் புலம்புகிறார்களாம். "கால்வாயைத் தாண்டினால் வந்துவிடும் நாடு, அப்படி என்னதான் கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்தவன். அதே தோர்தோனில் உள்ள பெர்ஜராக் ஊர்ப் பக்கம் வந்து பதினேழு வருடம் ஆகிறது. மொழிபெயர்ப்புதான் தொழில். அதில் பாதி நேரம், இங்கே குடியேறிய பிரிட்டிஷ் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதிலும், அலுவலகங்களுக்கு அவர்களோடு போய் உட்காருவதிலும் போகிறது. அவர்களுடைய கஷ்டம் உண்மையானது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு மெத்தனம் என்பார்கள், ஆங்கிலேயர்களைக் கண்டால் பிடிக்காது என்பார்கள். நான் பார்த்தவரை, தான் யார் என்று யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியிராத நாட்டிலிருந்து, அதை வருடத்துக்குப் பத்து தடவை நிரூபிக்க வேண்டிய நாட்டுக்கு வருகிறார்கள். முக்கால்வாசித் தலைவலி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பிரிட்டனில் தேசிய அடையாள அட்டை கிடையாது. போர்க்காலத்தில் கொடுத்த அட்டையை 1952-ல் ஒழித்தார்கள். 2006-ல் மறுபடி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2010-ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். கரண்டு பில், பேங்க் ஸ்டேட்மென்ட், டிரைவிங் லைசென்ஸ், இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுக்க ஓட்டிவிடலாம். பிரான்சில் அப்படி இல்லை. இங்கே ஆளுக்கு முன்னால் ஏடு. ஒருவர் பிறந்த ஊரின் மேரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், அவருக்கென்று ஒரு பதிவு இருக்கும். பிறகு அவர் கல்யாணம் செய்தால், விவாகரத்து ஆனால், இறந்தால், ஒவ்வொன்றையும் அதே பதிவின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வருவார்கள். புதுச்சேரியில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து 'எத்தா சிவில்' என்று சொல்வது இதைத்தான். அந்தப் பதிவு வளர்ந்துகொண்டே இருப்பதால், "மூன்று மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழ்" என்று இங்கே கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. இன்றைய தேதியில் இவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்பதை அந்த ஒரு தாளிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

பிரிட்டிஷ் பிறப்புச் சான்றிதழ் அப்படி வளராது. 1956-ல் எழுதியது எழுதியபடியே இருக்கும். அதனால் கவுன்ட்டரில் இருக்கும் பெண் "இது பழையது, புதிதாக வேண்டும்" என்றதும் இவர்களுக்குக் கோபம் வருகிறது. "நான் பிறந்த தேதி போன மாதம் மாறிவிட்டதா?" என்று என்னிடம் ஒருவர் குரலை உயர்த்தியே கேட்டார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இவருடைய நாட்டுச் சான்றிதழ் திருத்தப்படுவதே இல்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவருடைய நாட்டில் அது வாழ்நாள் முழுக்கத் திருத்தப்படும் என்பது இவருக்குத் தெரியாது.

இந்த ஏட்டு வழக்கம் அதிகம் சுடுவது பெண்களைத்தான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்டில் வந்த ஒரு சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. அந்தக் கொள்கை இன்றும் நிற்கிறது. கல்யாணமான பெண் கணவர் பெயரை வழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சட்டத்தின் கண்ணில் பிறந்த வீட்டுப் பெயர்தான் அவர் பெயர். பிரிட்டனிலோ கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், வங்கி, ஓய்வூதியம் எல்லாம் கணவர் பெயருக்கு மாறி, பழைய பெயர் மறந்தே போயிருக்கும்.

ஒரு தடவை ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரோடு காத்திருந்தேன். தாதி கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த தடுப்பூசிப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைதான் நான் அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் அது. "உங்களைத்தான்" என்றேன். எழுந்து இரண்டு அடி போனவர் நின்று, "அப்பா போன பிறகு இந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை" என்றார். உள்ளே போய் வெளியே வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதை ஒரு சின்ன அலுவலகக் குழப்பம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். எந்தப் படிவத்திலும் இரண்டு பெயர்களையும் எழுதட்டும். கல்யாணச் சான்றிதழையும் அதன் மொழிபெயர்ப்பையும் கைவசம் வைத்திருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றப் பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டும். சாதாரண மொழிபெயர்ப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணவருக்கும் ஒரு சங்கடம் வரலாம். பிரிட்டனில் பல பேரை இரண்டாவது பெயரால்தான் வீட்டில் கூப்பிடுவார்கள். இங்கே ஏட்டில் முதலில் இருக்கும் பெயரே பெயர்.

அடுத்தது முகவரிச் சான்று. மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார பில் என்றால் இங்கே அது தங்கம். வங்கிக் கணக்கு தொடங்க அது வேண்டும். மின் இணைப்பு உங்கள் பெயருக்கு வரவோ வங்கிக் கணக்கு எண் கேட்பார்கள். இந்த வட்டத்துக்குள் எங்கே நுழைவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி இருக்கிறது. வீடு வாங்கியவர்கள் என்பதால் நொத்தேர், அதாவது பத்திரம் எழுதித் தரும் சட்ட அதிகாரி, கையெழுத்தான அன்றே ஒரு சான்றுக் கடிதம் தருவார். அதை வைத்து வங்கிக்குப் போகலாம். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரும் மின்சார பில்லில் வர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர் அந்த வீட்டில் வசிக்கிறார் என்பதற்கு இன்னொரு கடிதம், அதோடு கையெழுத்துப் போட்டவரின் அடையாள நகல் என்று நீண்டுகொண்டே போகும்.

எந்த ஒப்பந்தத்தையும் ரத்து செய்வதற்குத் தொலைபேசியை நம்பாதீர்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்தான் இங்கே பாதுகாப்பான வழி. காசோலை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் விளையாட்டில்லை. கணக்கில் பணம் இல்லாமல் எழுதி, அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஐந்து வருடம் வரை காசோலையே எழுத முடியாமல் போகும்.

சரி, இனி பிரெக்சிட். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. அந்த வருடக் கடைசி வரை இடைக்காலம். அதற்குள் இங்கே குடியிருந்தவர்களுக்கு விலகல் உடன்படிக்கையின்படி தனி அட்டை கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்குப் பத்து வருட அட்டை, மற்றவர்களுக்கு ஐந்து வருட அட்டை. அவர்கள் உரிமை கிட்டத்தட்ட பழையபடியே இருக்கிறது. உங்கள் தம்பதி அந்த ரகம் இல்லை. அவர்கள் லண்டனிலேயே நீண்டகால விசா எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். வேலை செய்ய மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும், போதுமான வருமானம் காட்ட வேண்டும். வந்து இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். வீட்டில் பெயின்ட் அடிப்பதும் தோட்டம் வெட்டுவதுமாக இருந்துவிட்டு நான்காவது மாதம் என்னிடம் வருவார்கள். அப்போது கையைப் பிசைவதைத் தவிர நான் செய்ய அதிகம் இல்லை. அப்புறம், விசா முடிவதற்கு நான்கு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும்.

விசா இல்லாமல் வந்து போகிறவர்களுக்கு 180 நாளில் 90 நாள்தான். சொந்த வீடு இருக்கிறது என்பதால் ஒரு நாள் கூட அதிகம் கிடைக்காது. முப்பது வருடமாக ஏப்ரலில் வந்து செப்டம்பரில் திரும்பிய முதியவர்கள் இப்போது சமையலறைக் காலண்டரில் நாளை எண்ணி வட்டம் போடுகிறார்கள்.

மருத்துவம் பிரான்சில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் டாக்டரிடம் பணம் கொடுத்தே பழக்கமில்லாதவர்களுக்கு இங்கே எல்லாம் புதுசு. பொது மருத்துவரைப் பார்க்க 30 யூரோ. 2024 டிசம்பரில்தான் இந்தக் கட்டணம் ஏறியது. அரசு காப்பீடு அதில் 70 சதவீதத்தை, இரண்டு யூரோ கழித்துக்கொண்டு, திருப்பித் தரும். மிச்சத்துக்குத் தனிக் காப்பீடு வைத்துக்கொள்வார்கள். ஒரு டாக்டரைக் குடும்ப டாக்டராகப் பதிவு செய்யாவிட்டால் 70 என்பது 30 ஆகிவிடும். கிராமப்புறத்தில் புது நோயாளிகளை எடுக்கும் டாக்டர் கிடைப்பதே பெரும்பாடு. இது ஆங்கிலேயர்களுக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை, என் பிரெஞ்சு அண்டை வீட்டுக்காரர்களும் இதற்காக அலைகிறார்கள். உங்கள் தம்பதி பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் என்றால் எஸ்1 என்ற படிவத்தைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடட்டும். அது இருந்தால் அவர்கள் மருத்துவச் செலவைப் பிரிட்டன் ஏற்கும், பிரான்ஸ் தன் ஆள் போலவே நடத்தும்.

பச்சை நிறக் காப்பீட்டு அட்டை, கார்த் வித்தால், வருவதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை டாக்டர் தரும் பழுப்புத் தாளைத் தபாலில் அனுப்பித்தான் பணம் வாங்க வேண்டும். முதலில் தற்காலிக எண் வரும், பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகு நிரந்தர எண். பதினைந்து இலக்கம். ஆண் என்றால் 1, பெண் என்றால் 2, பிறகு பிறந்த வருடம், மாதம், வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்கு 99, பிரிட்டனுக்கு 132. ஏட்டில் ஆளைப் பதிந்துகொள்ளும் வழக்கம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் அது மருத்துவமனையோடு போய்விடும். இங்கே அதை வீட்டில் பத்திரமாக வைத்து அடுத்த டாக்டரிடம் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

காரைப் பற்றி. வலதுபக்க ஸ்டியரிங் காரோடு வந்தால் சுங்கச் சாவடியில் சீட்டு எடுக்கும் இயந்திரம் இடதுபக்கம் இருக்கும். தனியாக ஓட்டுகிறவர் பெல்ட்டைக் கழற்றி, பக்கத்து இருக்கையில் சரிந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் இறங்கிச் சுற்றி வர வேண்டும், பின்னால் லாரி நிற்கும். காரை விற்றுவிட்டு வருவதே நல்லது என்பது என் கருத்து. பதிவு மாற்றுவது, முன்விளக்கு மாற்றுவது என்று செலவுதான். ஓட்டும்போது கவனிக்க வேண்டியது வலதுபக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலதுபக்கச் சின்னத் தெருவிலிருந்து வருகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். ஊருக்குள் இப்போதும் இது உண்டு. லைசென்ஸ் விஷயத்தில் 2021 ஜனவரி 1-க்கு முன் கொடுத்தது என்றால் அது காலாவதி ஆகும்வரை ஓட்டலாம், முடிய ஆறு மாதம் இருக்கும்போது பிரெஞ்சு லைசென்சுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு கொடுத்தது என்றால் குடிவந்த ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். பிரான்சில் குடியிருந்துகொண்டு பிரிட்டனில் புதுப்பிக்க முடியாது. எழுபது வயதில் பிரிட்டிஷ் லைசென்ஸ் தானாகவே முடிந்துவிடும் என்பதை அவர் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

வரியை வேகமாகச் சொல்கிறேன். பிரிட்டனின் வரி வருடம் ஏப்ரல் 6-ல் தொடங்கும், பிரான்சுக்கு ஜனவரி முதல் டிசம்பர். அதனால் அங்கிருந்து வரும் வருடாந்திரத் தாள் எதுவும் இங்கே அப்படியே உதவாது. மாதவாரியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். பிரிட்டனில் வரியில்லாத ஐசா சேமிப்பு பிரான்சில் வரிக்கு உட்பட்டது. வெளிநாட்டு வங்கிக் கணக்கு ஒவ்வொன்றையும், பணமே இல்லாமல் கிடப்பதையும் கூட, வருடா வருடம் அறிவிக்க வேண்டும். விட்டால் கணக்கு ஒன்றுக்கு 1,500 யூரோ அபராதம்.

வாரிசு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் குடும்பங்கள் உடைந்து போவதை இதில்தான் பார்த்தேன். இங்கிலாந்தில் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பிரான்சில் பிள்ளைகளின் பங்கை மறுக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, அதற்கு மேல் என்றால் நான்கில் மூன்று. 2015 ஆகஸ்டிலிருந்து சொந்த நாட்டுச் சட்டப்படி உயில் எழுத ஐரோப்பிய விதி இடம் தந்தது. 2021-ல் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டம், பிள்ளைகள் தங்கள் பங்கைக் கேட்க வழி வைத்து, அதில் மறுபடி ஒரு முடிச்சைப் போட்டது. இரண்டாம் கல்யாணம் செய்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையை இருபது வருடம் தன் பிள்ளை போல வளர்த்தவர், அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பங்கு விட்டால் 60 சதவீத வரி. சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை அந்நியர். வீடு வாங்கியாகிவிட்டது என்கிறீர்கள். அவர்களுக்கு முன் கல்யாணத்துப் பிள்ளைகள் இருந்தால், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே நொத்தேரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். முதல் குளிர்கால மாலையில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காக எனக்கு எத்தனையோ போன் வந்திருக்கிறது. வெளியே ஐந்து மணிக்கே இருட்டு. அடுப்பில் கோழி வேகிறது, கூடத்தில் மின் ஹீட்டர் எரிகிறது. அம்மா லண்டனிலிருந்து கொண்டுவந்த 3 கிலோவாட் கெட்டிலை அடாப்டரில் சொருகி அமுக்குகிறார். வீடு முழுக்க இருட்டு. ஃபியூஸ் போய்விட்டது, பழைய வயரிங் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். வயரிங்கில் கோளாறே இருக்காது. பிரான்சில் மின்சாரத்தை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு மட்டும் இல்லாமல், ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கும் ஒப்பந்தம் உண்டு. 3, 6, 9, 12 கேவிஏ (கிட்டத்தட்ட கிலோவாட் மாதிரியான அளவு) என்று படி வைத்திருப்பார்கள். முன்பு அந்த வீட்டில் தனியாக இருந்த பாட்டி 6 வைத்திருப்பார், அதே ஒப்பந்தத்தை இவர்கள் பார்க்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்து வீட்டில் இதைப் போல மூன்று மடங்கு இழுத்தாலும் எதுவும் ஆகாது, அதனால் இப்படி ஒரு வரம்பு இருக்கும் என்றே தோன்றாது. செய்ய வேண்டியது, ஹீட்டரை அணைத்துவிட்டு மீட்டரில் உள்ள பட்டனை அழுத்திப் பிடிப்பது. மறுநாள் மின் நிறுவனத்துக்குப் போன் செய்து 9-க்கு மாற்றச் சொல்வது. புது மீட்டர் என்றால் ஆள் வராமலே மாற்றிவிடுவார்கள்.

அந்தத் தேநீருக்குப் பால் வாங்கும்போதும் ஒரு குழப்பம் உண்டு. கடையில் அலமாரி அலமாரியாக நிற்பது குளிர்ப்பெட்டி தேவையில்லாத நீண்டநாள் பால். டீயில் விட்டால் அதன் வேகவைத்த வாடை இவர்களுக்கு ஆகாது. புதுப் பால் குளிர்ப்பெட்டியின் ஒரு மூலையில் இருக்கும். அங்கேயும் மூடியின் நிறம் இடம் மாறியிருக்கும். பிரிட்டனில் நீலம் என்றால் முழுப் பால், பச்சை என்றால் பாதிக் கொழுப்பு, சிவப்பு என்றால் கொழுப்பு நீக்கியது. பிரான்சில் சிவப்பு முழுப் பால், நீலம் பாதிக் கொழுப்பு, பச்சை கொழுப்பு நீக்கியது. ஊரிலிருந்து வருகிறவரிடம் பாலாடைக்கட்டியோ பன்றி இறைச்சியோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கையில் எடுத்து வரக் கூடாது. தேயிலை வரலாம். தபாலில் வரும் பொருளுக்கு அதே வருடம் ஜூலையிலிருந்து வரி உண்டு. பேரப்பிள்ளை அனுப்பும் பரிசு என்றால் 45 யூரோ வரை விலக்கு, ஆனால் பார்சலில் உள்ளதைச் சரியாக எழுதியிருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கடை, மேரி, கட்டடப் பொருள் விற்கும் இடம் எல்லாம் மூடும். இரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் இருக்காது, திங்கட்கிழமையும் பல கடை திறக்காது. ஆகஸ்டில் குழாய் உடைந்தால் வாளி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இதைப் பழகிக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் அவர்களே பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

அதிகம் புண்படுத்தும் விஷயம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. போன்ழூர், அதாவது வணக்கம். கடைக்குள் நுழைந்ததும், டாக்டர் காத்திருப்பு அறைக்குள் கால் வைத்ததும், பேருந்தில் ஏறியதும் அதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கேள்வி. ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் மரியாதைப்படி, மன்னிக்கவும் என்று தொடங்கி, தயவுசெய்து என்று முடித்து, மிகப் பணிவாகத்தான் கேட்பார்கள். போன்ழூர் இல்லாததால் எதிரில் இருப்பவருக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. அவர் விறைப்பாகப் பதில் சொல்வார். இவர்கள் வெளியே வந்து, பிரெஞ்சுக்காரர்களுக்கு மரியாதை தெரியாது என்பார்கள். உள்ளே அவரும் இவர்களைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

மொழியில் இன்னும் சில பொறிகள் உண்டு. ஆங்கிலத்தில் பதப்படுத்தும் பொருளுக்கு உள்ள சொல்லைப் போலவே ஒலிக்கும் பிரெஞ்சுச் சொல் ஆணுறையைக் குறிக்கும். சந்தையில் ஜாம் விற்கிறவரிடம் அது கலந்திருக்கிறதா என்று கேட்ட ஒரு அம்மா அதன் பிறகு பல வாரம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. எண்களும் அப்படித்தான். எழுபதுக்கு அறுபது பத்து, எண்பதுக்கு நாலு இருபது, தொண்ணூற்றேழுக்கு நாலு இருபது பத்து ஏழு. போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வதால், 80 என்று எழுதி முடிப்பதற்குள் அது 97 ஆகிவிடும். எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் தனிச் சொற்கள் இருக்கின்றன, இங்கே இல்லை. தாளை நீட்டி எழுதித் தரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேட்டையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பொதுவான வேட்டைக் காலம் செப்டம்பரிலிருந்து பிப்ரவரிக் கடைசி வரை, காட்டுப்பன்றி வேட்டை அதற்கு வெளியேயும் நடப்பதுண்டு. காலையில் நாய்க் குரைப்பும் துப்பாக்கிச் சத்தமும் வீட்டு வேலி வரை வரும். 2020 டிசம்பரில் பக்கத்து லோ மாவட்டத்தில், வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரைப் பன்றி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். பிரெஞ்சு, பிரிட்டிஷ் இரண்டு வேரும் உள்ள பையன். அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கே அதுதான் பேச்சு. பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை இரண்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள்.

தோர்தோனில் பிரிட்டிஷ்காரர்கள் நிறையவே இருக்கிறார்கள். 1270-ல் எழுப்பிய எமே என்ற சின்னக் கோட்டையூரில் கிரிக்கெட் கிளப்பே இருக்கிறது. அங்கே ஆங்கிலத்திலேயே வாழ்ந்துவிடலாம். முதல் வருடம் அது பெரிய ஆறுதல். ஆனால் பத்து வருடம் அப்படியே இருந்தவர்களை நான் பார்க்கிறேன். கணவர் இறந்த பிறகு வங்கிக்கும் மேரிக்கும் தனியாகப் போக முடியாமல் அந்தப் பெண்மணிகள் படும் அவதி மனதை அறுக்கிறது. பிரெக்சிட்டுக்கு முன் பிரான்ஸ் முழுக்க எழுநூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் ஊராட்சி உறுப்பினர்களாக இருந்தார்கள். 2020 மார்ச் தேர்தலில் நிற்கவும் முடியவில்லை, ஓட்டுப் போடவும் முடியவில்லை. மொழி கற்று, ஊருக்கு உழைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆக, கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. அவர்களிடம் இருக்கும் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் இரண்டு வகை உண்டு. குறும்படிவத்தில் பெற்றோர் பெயர் இருக்காது. பெற்றோர் பெயர் உள்ள முழுப் படிவத்தைத்தான் இங்கே கேட்பார்கள். பாதிப் பேர் குறும்படிவத்தோடு வந்து நிற்கிறார்கள். இருவருக்கும் முழுப் படிவத்தில் இரண்டிரண்டு புது நகல், கல்யாணச் சான்றிதழ் இரண்டு நகல், எல்லாவற்றையும் இப்போதே எழுதிப் போட்டு வாங்கி ஒரு கோப்பில் போடட்டும். அந்தக் கோப்பைச் சாமான் லாரியில் ஏற்றாமல் கையிலேயே கொண்டுவரட்டும்.